இருநூற்றுப் பன்னிரண்டாவது கோல்

என் கணவன் கார்ல் அன்றைக்கு ஒரே ஒரு கோல் போட்டுவிட வேண்டும் என்று என் அளவுக்கு வேண்டிக்கொண்டவர்கள் அந்த மைதானத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஆட்டத்தின் மேல் உள்ள பைத்தியத்தால் அல்ல. கால்பந்து என்றாலே எனக்குச் சின்ன வயதிலிருந்து எரிச்சல். அப்பா ஹார்ட்ஷா டவுன் அணிக்கு ஆடினார். அம்மா அதன் டீக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டாள். அம்மா போன பிறகு அந்தக் கொதிகலனோடு மல்லுக்கட்டுவது என் தலையில் விழுந்தது. போதாக்குறைக்கு அதே அணியின் முன்கள ஆட்டக்காரனையே கல்யாணமும் செய்துகொண்டேன். புத்தி கெட்டவள் என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் வேண்டிக்கொண்டது கார்லின் வலது முட்டிக்காக. நவம்பரில் மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்க வேண்டிய மெத்தை தேய்ந்து ஒன்றுமில்லாமல் போயிருந்தது. இப்போதே ஆட்டத்தை நிறுத்தினால் வேலைக்குப் பழுதில்லை, இன்னும் ஆடிக்கொண்டே இருந்தால் ஏணியில் கால் வைக்க முடியாது என்றார். கார்ல் கூரைக்குக் கற்பலகை பதிக்கிறவன். ஏணியில் ஏற முடியாத கூரைக்காரனை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? நான் மருத்துவரின் அறையிலேயே அழுதேன். அவன் என்னைப் பார்க்காமல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் கொஞ்சம்தான் ஜனின். உங்கப்பாவைத் தாண்டிட்டா போதும். தாண்டின அன்னைக்கே பூட்ஸைக் குப்பையில போட்டுடறேன். நம்ம பொண்ணுங்க மேல சத்தியம்."

அப்பாவைத் தாண்டுவது என்றால், கிளப்பின் மதுக்கூடத்துச் சுவரில் தங்க எழுத்தில் இருக்கும் அப்பாவின் பெயரைத் தாண்டுவது. கிளிஃபர்ட் ஹோல்ராய்ட், இருநூற்றுப் பதினொரு கோல். என் பிறப்புக்கு முன்னாலேயே எழுதியது. கார்ல் டிசம்பரில் இருநூற்றுப் பதினொன்றைத் தொட்டான். அதற்கப்புறம் பந்து அவனைக் கண்டால் வழிவிலகிப் போயிற்று. சனிக்கிழமைதோறும் ஆடிவிட்டு வந்து, வீக்கம் வடிய உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை முட்டிமேல் வைத்துக்கொண்டு உட்காருவான். மாடிப்படியைக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறுவான். நான் கத்துவேன். அவன் காதில் வாங்கமாட்டான். அந்தக் கோல் விழாதவரை அவன் நிறுத்தமாட்டான் என்பது எனக்குத் தெரிந்துபோயிற்று.

அப்பாவிடம் மட்டும் சொல்லக்கூடாது என்று கட்டளை. "அவருக்குத் தெரிஞ்சா பரிதாபப்படுவார். அப்புறம் நான் ஜெயிச்சது ஜெயிச்ச மாதிரியே இருக்காது." அப்பாவோ விஷயம் தெரியாமல் அவனைச் சீண்டிக்கொண்டிருந்தார். "என்ன தம்பி, இருநூத்திப் பதினொண்ணுலயே கூடாரம் போட்டுட்டியா? என் பேர் போட்ட பெயின்ட் நல்ல பெயின்ட்டுடா, அவ்வளவு சீக்கிரம் போகாது." கார்ல் சிரிப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த ஜனவரிச் சனிக்கிழமை பென்னிங்லி அணி வந்திருந்தது. காலையிலிருந்து தரை இறுகிக் கிடந்தது. அப்பாதான் மைதானத்தைப் பராமரிப்பவர். விடிந்ததும் வந்து கோல் முகப்பில் மணல் தூவி, மண் கிளறும் முள்வாரியால் குத்திக் குத்தி, ஒருவழியாக ஆடத் தகுந்ததாக்கியிருந்தார். நான் இறைச்சி அடைத்த மீட்-பை பணியாரங்களைச் சூடாக்கி அடுக்கிவிட்டு ஜன்னல் பலகையைத் திறந்தபோது, நடுவர் கையில் போனோடு நின்றுகொண்டிருந்தார். ஓரக் கோட்டில் ஓடிக் கொடி காட்டும் கோட்டு நடுவர்களில் ஒருவர் வரவில்லை. மேட்டுச் சாலையில் பனி, கார் சறுக்கி ஓடைக்குள் இறங்கிவிட்டதாம். ஆளுக்கு ஒன்றுமில்லை, காருக்குத்தான் அடி.

எங்கள் மாதிரிச் சின்ன அணிகளில் இப்படி நடந்தால் உள்ளூர் கிளப் ஓர் ஆளைக் கொடுக்க வேண்டும். அதுதான் வழக்கம். எங்களிடம் நடுவர் பரீட்சை எழுதித் தேறியவர் ஒருவர்தான். எப்போதோ எழுதியது, ஆனாலும் தேறியது தேறியதுதான். அப்பா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கொடியை வாங்கிக்கொண்டார்.

பென்னிங்லியின் மேலாளர் என் ஜன்னலுக்கு முன்னாலேயே சண்டைக்கு வந்தார். "உங்க வீட்டு ஆளையே கொடி பிடிக்க விட்டா எப்படி? அதுவும் உங்க ஒன்பதாம் நம்பருக்கு மாமனாராமே!"

அங்கே கையில் மீட்-பையோடு நின்றிருந்த டெஸ் அதற்கு விழுந்து விழுந்து சிரித்தான். டெஸ் எங்கள் ஊர்க் கசாப்புக் கடைக்காரன். மைதானத்திலேயே பெரிய வாய் அவனுடையது. "யோவ், மாமனார்ங்கறது மட்டும் தெரியுது. அவரோட ரெக்கார்டைத்தான் மருமகன் இன்னைக்கு உடைக்கப் பாக்கறான், அது தெரியுமா? அம்பது வருஷமா சுவத்துல தொங்கற பேரை யாருய்யா கழட்ட விடுவான்? உங்களுக்கு இதைவிட நல்ல ஆள் கிடைக்கமாட்டான்."

மேலாளர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அப்படின்னா எங்களுக்கு ஆட்சேபணை இல்ல."

நடுவர் அப்பாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னது என் காதில் விழுந்தது. "மிஸ்டர் ஹோல்ராய்ட், பந்து வெளிய போனது மட்டுமில்ல, ஆஃப்சைடும் நீங்கதான் சொல்லணும். உங்க பக்கம் நீங்க சொல்றதுதான். நான் அதுல தலையிடமாட்டேன்."

"இருக்கறதைச் சொல்றேன்," என்றார் அப்பா.

அவர் அதைச் சும்மா சொல்லவில்லை. அதுதான் அவர் குணம். அவர் ஆடிய காலத்தில், பந்து தன் மேல் பட்டு வெளியே போனால் நடுவருக்கு முன்னால் தானே கையைத் தூக்குவாராம். சொந்த அணிக்காரர்களே திட்டுவார்களாம். எங்கள் வீட்டில் சீட்டாடும்போதுகூட யாரும் விளையாட்டுக்காக ஏமாற்ற முடியாது, எழுந்து போய்விடுவார். அம்மா இதைப் பெருமையாகச் சொல்வாள். எனக்கு அது பெருமையா பாரமா என்று இன்னும் பிடிபடவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என் கொட்டகை, மேற்குப் பக்கத்துப் பெனால்டி கட்டத்தின் கோட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. பலகையைத் திறந்தால் அந்தக் கோடு ஒரு நூல் பிடித்த மாதிரி கண் முன்னால் ஓடும். அன்றைக்கு அந்தப் பாதிதான் அப்பாவுக்குக் கொடுத்த பாதி. அவர் என் ஜன்னலுக்கு முன்னால்தான் ஓடினார். கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்கு யார் முன்னால், யார் பின்னால் என்று தெரியவே தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

முதல் பாதியில் பென்னிங்லி எங்கள் பக்கத்துக் கோலைத் தாக்கினார்கள். சீக்கிரமே ஒன்று போட்டார்கள். கார்லின் கூட்டாளி ஒருவன் எதிர்ப் பக்கத்தில் ஒன்றைத் திருப்பிப் போட்டான். அப்புறம் பென்னிங்லியின் சின்னப் பையன் ஒருவன் எங்கள் தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே நழுவி ஓடிவந்து இரண்டாவதைப் போட்டான். எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் கையைத் தூக்கிக்கொண்டு அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா கொடியைத் தூக்கவில்லை. தூக்கக் காரணமில்லை. பந்து கிளம்பிய நொடியில் பையன் யாரையும் தாண்டி நிற்கவில்லை.

"கிளிஃப்! கண்ணாடியை வீட்டுல வெச்சுட்டு வந்துட்டியா?" என்று டெஸ் கத்தினான். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கார்ல் எதிர்ப் பாதியில் ஓடிக்கொண்டிருந்தான். ஓடினான் என்று சொல்வது மரியாதைக்காக. வலது காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் தோள் லேசாகச் சரிந்தது. மற்றவர்களுக்கு அது தெரியாது. பதினான்கு வருஷம் கூடவே படுத்து எழுந்தவளுக்குத் தெரியும். ஒருவருக்கு டீயில் பாலுக்குப் பதில் இறைச்சிச் சாற்றை ஊற்றிக் கொடுத்துவிட்டேன்.

இடைவேளையில் எங்கள் ரசிகர்கள் வழக்கம்போல் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வர ஆரம்பித்தார்கள். நம் அணி எந்தக் கோலைத் தாக்குகிறதோ அதன் பின்னால் போய் நிற்பதுதான் இங்கே பழக்கம். இனி கார்ல் தாக்கப்போவது என் கண் முன்னால் இருக்கும் கோலை. அப்பா டீக்கு வந்தார். மூக்கு சிவந்திருந்தது. கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தார்.

"உன் ஆளு இன்னைக்கு நடந்துதான் ஆடறான் போல," என்றார். "ஆடி முடிச்சதும் ஒரு நாற்காலி கொடு."

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. சத்தியமாவது, கட்டளையாவது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மருத்துவர் சொன்னது, ஏணி, பட்டாணிப் பொட்டலம், பொண்ணுங்க மேல் போட்ட சத்தியம், எல்லாம்.

"ஒரே ஒரு கோலுப்பா. அது இன்னைக்கு விழுந்துட்டா நிறுத்திடுவான். விழலேன்னா அடுத்த சனிக்கிழமை மறுபடியும் இறங்குவான். அதுக்கடுத்த சனிக்கிழமையும். கால் போற வரைக்கும்."

அப்பாவின் முகத்தில் இருந்த கேலி வடிந்துபோயிற்று. "ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னுட்டான்."

"இவ்வளவு நாள் நான் அவனை வாய்க்கு வந்தபடி பேசிட்டிருந்தேனே, கண்ணு."

"இப்ப அதெல்லாம் வேண்டாம். நான் எதுக்குச் சொல்றேன்னு புரியுதா?"

அவர் என்னைப் பார்த்தார். புரிந்தது என்பது தெரிந்தது. கோப்பையைப் பலகையில் வைத்தார். "கொடி கொடிதான், ஜனின். நீ எங்கிட்ட அதைக் கேக்கக்கூடாது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டீ பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கோப்பையை அவர் முதுகில் எறியலாம் போல இருந்தது.

இரண்டாம் பாதி தொடங்கியதும் விளக்குகளைப் போட்டார்கள். வடக்கு மூலைக் கம்பத்தில் பாதி எரியவில்லை, அது எப்போதும் அப்படித்தான். வெளியூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் என் பலகையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றார். பென்னிங்லிக் கழுத்துத் துணி, கையில் சொந்தப் பிளாஸ்க், இருந்தாலும் மரியாதைக்கு ஒரு டீ வாங்கிக்கொண்டார். பெயர் அக்ராய்ட் என்றார். தன் அணியின் எல்லா வெளியூர் ஆட்டத்துக்கும் பஸ் பிடித்து வருகிறவராம். அவரும் என்னைப் போலவே அந்தக் கோட்டை நேராகப் பார்க்கிற இடத்தில்தான் நின்றார்.

கொஞ்ச நேரத்தில் அது நடந்தது. நடுக்களத்திலிருந்து ஒரு பந்து உருண்டு வந்தது. கார்ல் தடுப்பாட்டக்காரனின் தோளை உரசிக்கொண்டு திரும்பினான், இடது காலால் ஒரே தட்டு, பந்து வலைக்குள். கோலுக்குப் பின்னால் நின்ற ஜனம் துள்ளிக் குதித்தது. டெஸ் யாரையோ தூக்கிச் சுற்றினான். கார்ல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினான்.

அப்பாவின் கொடி தலைக்கு மேலே நேராக நின்றது.

கால்பந்து தெரியாதவர்களுக்கு ஒரு வரி. பந்து கிளம்பும் நொடியில், கோல்கீப்பருக்கு முன்னால் இருக்கும் கடைசி எதிராளியைத் தாண்டி நீ நிற்கக்கூடாது. அதுதான் ஆஃப்சைடு. கார்ல் ஓரடிக்கும் மேலாகத் தாண்டி நின்றான். நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். அப்பா சொன்னது சரி என்று தெரிந்தும் அவர் மேல் எனக்கு வெறுப்பு பொங்கியது. சரியாக இருந்ததால்தான் அவ்வளவு வெறுப்பு.

நடுவர் ஊதினார். கோல் இல்லை.

அப்பாவை அன்றைக்குத் திட்டியதுபோல் ஒரு மனிதரை ஊர் திட்டி நான் கேட்டதில்லை. "பொறாமை பிடிச்ச கிழவா!" "மருமகன் சோத்துல மண்ணைப் போடறியே!" "சுவத்துல உன் பேரை நீயே தடவிட்டு உக்காந்திருக்கியா?" ஐம்பது வருஷமாக அவருக்குப் பீர் வாங்கிக் கொடுத்த வாய்கள். டெஸ் வேலியைப் பிடித்து உலுக்கினான். கார்ல் மைதானத்துக்குள்ளிருந்து வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"கிளிஃப், நிஜமாவா?"

"ஓரடி முன்னாடி இருந்தே, தம்பி."

கார்ல் திரும்பித் தன் இடத்துக்குப் போனான். அவன் திட்டியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. "அப்பா!" என்று கூப்பிட்டேன். அவர் கோட்டின் மேல் நின்றபடி பாதி திரும்பினார். "அந்தக் கொடிக்கு முட்டி கிடையாது, இல்ல? அதான் உங்களுக்கு அது மேல அவ்வளவு பாசம்."

அவர் பந்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

பக்கத்தில் அக்ராய்ட் மெதுவாகத் தலையை ஆட்டினார். "உங்கப்பாவா? தப்பா நினைக்காதீங்கம்மா. இத்தனை வருஷத்துல சொந்த ஊர் ஆளு சொந்த ஊர் கோலுக்குக் கொடி தூக்கி நான் பாத்ததே இல்ல. அதுவும் இத்தனை பேர் கத்தும்போது. இப்படி ஒரு மனுஷனைப் பாக்கறதுக்கே பஸ் காசு சரியாப்போச்சு."

"உங்களுக்கு நல்லா இருக்கும்," என்றேன் வெடுக்கென்று. அவர் வருத்தப்பட்டிருப்பார். அப்போது எனக்கு அதைப்பற்றிக் கவலையில்லை.

அதற்கப்புறம் ஒன்றும் சரியாக நடக்கவில்லை. கார்ல் ஒரு பந்துக்குத் தாவி, இறங்கும்போது வலது கால் மடிந்து விழுந்தான். எழவில்லை. வாளியும் ஸ்பாஞ்சுமாக முதலுதவி ஆள் ஓடினார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, கொதிகலன் குழாயை மூட மறந்து தட்டு முழுக்கத் தண்ணீர் வழிந்தது. எங்கள் மேலாளர் மாற்று ஆளை மேல்சட்டை கழற்றச் சொன்னார். கார்ல் தரையிலிருந்தே கையை ஆட்டி வேண்டாம் என்றான். ஒரு கையை ஊன்றி, இன்னொரு கையை ஊன்றி, எழுந்தான். அவன் விழுந்த இடம் அப்பாவுக்குப் பத்தடி தூரம்கூட இருக்காது. அவன் பல்லைக் கடித்ததை அப்பா பார்த்தார். அவன் முட்டியைத் தொட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்ததையும் பார்த்தார். கார்லின் பார்வை அவர் மேல் பட்டதும் அப்பா சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஆட்டம் முடியும் நேரம் நெருங்கியது. இரண்டுக்கு ஒன்று என்று பென்னிங்லி முன்னால். சிலர் வெளியே போக ஆரம்பித்துவிட்டார்கள். நான் மனதுக்குள் அடுத்த சனிக்கிழமையைப் பார்த்துவிட்டேன். அதே பட்டாணிப் பொட்டலம், அதே மாடிப்படி.

அப்போது எங்கள் கோல்கீப்பர் பந்தை ஓங்கி உதைத்தான். நடுக்களத்தில் யாரோ தலையால் அதைத் தட்டிவிட்டார்கள். பந்து பென்னிங்லியின் தடுப்பு வரிசையைத் தாண்டி மேலே போனது. பெனால்டி கட்டத்தின் கோட்டில் கார்ல் நின்றான். தனியாக. அவனுக்கும் கடைசித் தடுப்பாட்டக்காரனுக்கும் நடுவே ஒரு மாடு படுத்திருக்கலாம். அவன் திரும்பி வரத் தெம்பில்லாமல் அங்கேயே நின்றிருந்திருக்கிறான், அவ்வளவுதான்.

அப்பா அவனுக்கு நேரே இருந்தார். இம்மி பிசகாமல் நேரே. கொடி அவர் தொடையோரம் தொங்கியது.

கார்ல் ஓடவில்லை. முதலில் தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தான். தாண்டி நிற்கிறோம் என்று தெரிந்த ஆட்டக்காரன் அப்படித்தான் பார்ப்பான். பென்னிங்லித் தடுப்பாட்டக்காரர்களும் நின்றுவிட்டார்கள், கையைத் தூக்கியபடி அப்பாவைப் பார்த்தார்கள். கோல்கீப்பர் பார்த்தான். நான் பார்த்தேன். அந்தக் கொடியின் துணி லேசாக நடுங்கியது. காற்று இல்லை.

கொடி எழவில்லை.

"ஓடுடா!" என்று யாரோ அலறினார்கள். அது நான்தான் என்று பிறகுதான் தெரிந்தது. கார்ல் நொண்டிக்கொண்டே நாலு எட்டு வைத்தான். கோல்கீப்பர் பதறி வெளியே வர, பந்தை அவனுக்குப் பக்கவாட்டில் தள்ளினான். அது உருண்டது. நிதானமாக, எங்கள் பொறுமையைச் சோதித்துக்கொண்டு, கம்பத்தின் உள்பக்கம் பட்டு வலைக்குள் போனது.

மைதானம் என்ன ஆனது என்று என்னால் சொல்ல முடியாது. நான் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பென்னிங்லி ஆட்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் அவர்களை விலக்கிவிட்டு அப்பாவிடம் வந்தார், என் ஜன்னலுக்கு நேர் முன்னால்.

"மிஸ்டர் ஹோல்ராய்ட், உங்களுக்குச் சந்தேகமே இல்லையா?"

"இல்ல."

"அவர் தாண்டி நிக்கலையா?"

"நேரா இருந்தான். கோல்தான்."

பொய் சொல்லும்போது அப்பாவின் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. சாதாரணமாகத்தான் இருந்தது.

பென்னிங்லியின் மேலாளர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வாய்க்கு வந்ததைக் கத்தினார். அவர்களுடைய ரசிகர்கள் நாலைந்து பேர் "திருட்டுக் கிழவன்" என்று ஆரம்பித்தார்கள். அக்ராய்ட் பிளாஸ்க்கை என் பலகையில் ஓங்கி வைத்தார்.

"வாயை மூடுங்கடா! என் கண்ணுக்கும் தாண்டின மாதிரிதான் இருந்துச்சு. ஆனா இந்த மனுஷன் இல்லைன்னா இல்லதான். கொஞ்ச நேரம் முன்னாடி சொந்த மருமகன் கோலையே வேண்டாம்னு சொன்னவர் இவர். என் கண்ணுக்கு வயசாச்சு, அவ்வளவுதான்."

அவர்கள் அடங்கிவிட்டார்கள். இரண்டுக்கு இரண்டில் ஆட்டம் முடிந்தது.

முடிந்ததும் டெஸ் வேலியைத் தாண்டிக் குதித்து அப்பாவைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் வைத்தான். "கிளிஃப், கிழட்டுச் சிங்கமே, உன்னைப் போய் என்னென்னவோ பேசிட்டேன்! இன்னைக்கு உனக்கு எல்லாம் என் செலவு." சற்று முன் பொறாமைக்காரன் என்று கத்திய அதே ஆட்கள் வரிசையில் நின்று முதுகில் தட்டினார்கள். சரியாகச் சொன்னபோது காறித் துப்பினார்கள், பொய் சொன்னபோது தோளில் தூக்கப் பார்த்தார்கள். இதைத்தான் என் ஊர் என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

அக்ராய்ட் அப்பாவிடம் போய்த் தொப்பியைக் கழற்றினார். கையை நீட்டினார். "உங்களைப் பாத்ததுல சந்தோஷம், சார். எங்க ஊருக்கு வந்தா என் வீட்டுல டீ குடிக்காமப் போகக்கூடாது." அப்பா கையைக் கொடுத்தார். பெரியவர் அதைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கூட்டம் மதுக்கூடத்துக்குள் போன பிறகு கார்ல் வந்தான். குளித்துவிட்டு, தலை ஈரம் காயாமல், கையில் பூட்ஸை நாடாவில் தொங்கவிட்டுக்கொண்டு. உள்ளே அவன் பெயரைச் சொல்லிப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவன் முகத்தில் பாட்டுக் கேட்கும் களை இல்லை. அப்பா என் பலகையில் சாய்ந்து நின்றார்.

"கிளிஃப், உண்மையைச் சொல்லுங்க. நான் முன்னாடி நின்னேன்னு எனக்குத் தோணுது."

நின்றாய் என்று ஒரு சொல் வந்தால் போதும். இவன் அந்தக் கோலைக் கணக்கில் எடுக்கமாட்டான். அடுத்த சனிக்கிழமை மறுபடி இறங்குவான். இவனும் அப்பாவைப் போலத்தான், அதனால்தானே கட்டிக்கொண்டேன்.

அப்பா கார்லின் கண்ணைப் பார்த்தார். "முதல் தடவை நான் கொடி தூக்கினேனா இல்லையா?"

"தூக்கினீங்க."

"ஊரே சேர்ந்து கத்துச்சு. இறக்கினேனா?"

"இல்ல."

"அப்புறம் என்னடா கேள்வி?"

கார்ல் யோசித்தான். அவன் முகம் மெல்ல மெல்ல இளகியது. என் பக்கம் திரும்பினான். "நீ பாத்தியா ஜனின்?"

"எனக்கு ஆயிரம் வேலை. டீ ஊத்திட்டிருந்தேன்."

அவன் பெருமூச்சு விட்டான். சிரித்தான். எத்தனையோ மாதமாக நான் பார்க்காத சிரிப்பு. கொட்டகை வாசலில் இருந்த குப்பைத் தொட்டியில், மீட்-பை சுற்றிய காகிதங்களுக்கு மேலே, பூட்ஸைப் போட்டான். ஒரு முறை கூடத் திரும்பிப் பார்க்காமல் வலைகளை அவிழ்க்க உதவுகிறேன் என்று கோல் பக்கம் போனான். எனக்கு அழுகை வந்தது. பாதி நிம்மதியில், பாதி வெட்கத்தில்.

அப்பா கொட்டகைக் குழாயைத் திறந்து கொடியை அலசிக்கொண்டிருந்தார். அதில் அழுக்கே இல்லை.

"முதல் தடவை நீங்க தூக்கினது சரிதாம்ப்பா. நான் பாத்தேன்."

"தெரியும்."

"நான் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க."

"ரெண்டாவது?"

"அதையும் பாத்தேன்."

அவர் கொடியைப் பிழிந்து உதறி, மடித்துப் பலகையில் வைத்தார். "இனிமே லைன்ஸ்மேன் யாராவது வரலேன்னா என்னைக் கூப்பிட வேண்டாம்னு கமிட்டிகிட்ட சொல்லிடு."

"ஏன்னு கேட்டா?"

"கண்ணு தெரியலேன்னு சொல்லு." குழாயை மூடினார். "அந்தப் பெரியவர் கையைக் குடுக்காமப் போயிருக்கலாம்."

நான் அவருக்குப் புதிதாக ஒரு டீ ஊற்றினேன். அவர் அதைத் தொடவில்லை. சுவரோரம் இருந்த சின்ன ஏணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கோலை நோக்கி நடந்தார். குறுக்குக் கம்பத்தில் வலையின் கொக்கிகளைக் கழற்ற அது வேண்டும். பாதி எரிகிற விளக்கு வெளிச்சத்தில் இருவரும் பேசுவது எனக்குக் கேட்டது.

"இங்க வா, நான் ஏறறேன்," என்றார் அப்பா.

"உங்களுக்குக் கண்ணு தெரியாதுன்னு இன்னைக்குப் பாதி ஊர் சொல்லுச்சு," என்றான் கார்ல். "நீங்க புடிச்சுக்கங்க."

அப்பா இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டார். கார்ல் இடது காலை முதல் படியில் வைத்து, வலது காலை இழுத்து அதன் பக்கத்தில் வைத்து, மெதுவாக மேலே ஏறினான்.